ரோஜர் பென்ஸ்கி 27 வயதில் ஸ்டீயரிங்கை விட்டது ஏன்?

கேள்வி இதுதான்: 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் முன்வரிசை ஸ்போர்ட்ஸ் கார் பந்தய ஓட்டுநர்களில் ஒருவராக இருந்த ரோஜர் பென்ஸ்கி, வெற்றி மேல் வெற்றி வந்துகொண்டிருந்தபோது ஏன் நிறுத்திக்கொண்டார்? அதன்பிறகு இவ்வளவு பெரிய தொழிலதிபர் ஆனது எப்படி? அவரைக் கார் சேகரிப்பாளர் என்று சொல்வதில் பொருள் உண்டா?

என் பார்வையில், பென்ஸ்கி ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகவே இல்லை. கார் ஓட்டிய நாட்களிலேயே அவர் செய்துகொண்டிருந்தது ஒரு முதலாளியின் வேலை. ஓட்டுவது அதில் ஒரு பகுதி. அந்தப் பகுதியை இன்னொருவரிடம் கொடுக்க முடியும் என்று தெரிந்ததும் கொடுத்துவிட்டார். இதைப் புரிந்துகொள்ள அவர் ஓட்டிய காலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1937 பிப்ரவரி 20-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஷேக்கர் ஹைட்ஸில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பழைய கார்களை வாங்கி, வீட்டிலேயே பழுது பார்த்து, லாபத்துக்கு விற்றவர். 1951-ல் அப்பா அவரை இண்டியானாபொலிஸ் 500 என்ற புகழ்பெற்ற 500 மைல் கார் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். 14 வயதுப் பையனுக்கு அந்த இடத்தின் மேல் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. லீஹை பல்கலைக்கழகத்தில் 1959-ல் பட்டம் பெற்று, அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தார். வார நாளில் அலுமினியம், வார இறுதியில் பந்தயம். 1961-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அவரை அந்த ஆண்டின் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரியில் ஓட்டினார்: முதல் முறை 8-ஆம் இடம், அடுத்த முறை 9-ஆம் இடம். வாழ்நாளில் அவர் ஓட்டிய ஃபார்முலா ஒன் பந்தயங்கள் இவை இரண்டும்தான்.

1961-ல் நடந்த அந்தப் பந்தயத்தில் வால்ட் ஹான்ஸ்ஜன் என்ற நல்ல ஓட்டுநர் ஒரு கூப்பர் டி53 காரை மோதி நொறுக்கினார். காரின் சொந்தக்காரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம். அவரும் பந்தய ஓட்டுநர், பெரும் பணக்காரர், பின்னாளில் புகழ்பெற்ற கார் சேகரிப்பாளர். நொறுங்கிய அந்தக் காரை வாங்கியவர் பென்ஸ்கி. அடுத்து அவர் செய்ததுதான் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைக் காட்டுகிறது.

அது ஒற்றை இருக்கை கொண்ட ஃபார்முலா கார். ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் ஓட வேண்டுமானால் இரண்டு இருக்கை வேண்டும், சக்கரங்கள் மூடியிருக்க வேண்டும். பென்ஸ்கி விதிப்புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தார். இரண்டாவது இருக்கை இருக்க வேண்டும் என்று இருந்தது. ஓட்டுநர் நடுவில் உட்காரக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆகவே ஓட்டுநர் இருக்கை நடுவிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் ஒடுங்கி உட்காரக்கூடிய சின்ன இருக்கை ஒன்றை வைத்து, அதன் மேல் அலுமினியத் தகட்டை மூடினார்கள். சக்கரங்களையும் சேர்த்து மூடும் மெல்லிய உடல், பின்னால் 2.7 லிட்டர் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் இன்ஜின். எடை குறைந்த ஃபார்முலா கார் ஸ்போர்ட்ஸ் கார் வேடம் போட்டு வந்து நின்றது.

பணம்? அதற்கு டூபான்ட் நிறுவனத்தைப் பிடித்தார். அவர்கள் விற்ற ரேடியேட்டர் திரவத்தின் பெயர் ஜெரெக்ஸ். காருக்கே ‘ஜெரெக்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்தார். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் அப்போது பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. காரின் மேல் வியாபாரப் பெயர் எழுதுவதை முகம் சுளித்துப் பார்த்தவர்கள் அதிகம். இருபத்தைந்து வயது விற்பனையாளர் ஒருவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

1962 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் தடத்தில் ஜெரெக்ஸ் ஸ்பெஷல் வென்றது. அடுத்து அதே மாநிலத்தின் லகுனா செகா தடத்தில் வென்றது. தோற்றவர்கள் முறையிட்டார்கள், இது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்றார்கள். அதிகாரிகள் விதிப்படி கார் சரி என்று சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டுக்கு விதியை மாற்றினார்கள். காரும் உண்மையான இரண்டு இருக்கைக் காராக மாற்றப்பட்டு, டெக்ஸாஸைச் சேர்ந்த ஜான் மீகமின் கைக்குப் போனது. 1963-ல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் கார்ட்ஸ் டிராஃபியை அதே காரில் வென்றதும் பென்ஸ்கிதான். 1964-ல் புரூஸ் மெக்லாரன் அதை வாங்கி ஓல்ட்ஸ்மொபில் வி8 இன்ஜின் பொருத்தினார். மெக்லாரன் அணியின் ஸ்போர்ட்ஸ் கார் வரலாறு அங்கிருந்து வளர்ந்தது. குப்பைக்குப் போகவேண்டிய ஒரு கார் இத்தனை கைகளில் இத்தனை வெற்றி கண்டது பந்தய வரலாற்றில் அபூர்வம்.

மற்ற ஓட்டுநர்கள் காரை எப்படி வேகமாக ஓட்டுவது என்று யோசித்த இடத்தில், பென்ஸ்கி பந்தயம் தொடங்கும் முன்பே எப்படி வெல்வது என்று யோசித்தார். விதி, பணம், ஆட்கள், தயாரிப்பு என நான்கையும் ஒரே ஆள் கையாண்டார்.

இனி 1964-க்கு வருவோம். அந்த இலையுதிர் காலத்தில் ஜிம் ஹாலின் சாப்பரல் அணிக்காக ஓட்டி லகுனா செகாவில் வென்றார். டிசம்பரில் பஹாமாஸின் நசாவ் பந்தய வாரத்தில் கொர்வெட் கிராண்ட் ஸ்போர்ட்டிலும் சாப்பரலிலும் ஓட்டி வென்றார். அதோடு நிறுத்திவிட்டார். இண்டியானாபொலிஸில் புதிய ஓட்டுநர்களுக்கான சோதனை ஓட்டத்துக்கு வந்த அழைப்பையும் ஏற்கவில்லை. சிறுவயதுக் கனவான அந்தத் தடத்திலேயே ஓட்டக் கிடைத்த வாய்ப்பு அது!

காரணம் ஃபிலடெல்பியாவில் செவ்ரோலெட் கார்களை விற்ற ஒரு டீலர்ஷிப். அதை நடத்தும் பொறுப்பு கிடைத்தது, பிறகு அது அவருக்கே சொந்தமாயிற்று. ஓட்டுவதையும் தொடர்ந்துகொண்டே கடையை வைத்துக்கொண்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் காலத்துப் பந்தயம் எப்படிப்பட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தீப்பிடிக்காத எரிபொருள் பைகள் கிடையாது, தடத்தோரத்தில் ஒழுங்கான தடுப்புகள் கிடையாது, ஒவ்வொரு பருவத்திலும் தெரிந்த முகங்கள் சில குறைந்துகொண்டே வந்தன. டீலர்ஷிப் என்பது கடன் வாங்கி நடத்துவது. ஒரே ஆளின் உயிரை நம்பிப் பலருடைய சம்பளம் இருக்கும். ஞாயிறுதோறும் உயிரைப் பணயம் வைப்பவரை நம்பி யார் பெரிய கடன் கொடுப்பார்கள்? இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்த 27 வயது மனிதரின் முடிவு அது. பயந்து விட்டார் என்று சொல்பவர்களோடு எனக்குச் சற்றும் உடன்பாடு கிடையாது.

ஓராண்டு சற்றுத் தாண்டியதும் பந்தயத்துக்குத் திரும்பி வந்தார், அணியின் முதலாளியாக. 1966-ல் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அனுப்பியது ஒரு கொர்வெட். அந்த ஏப்ரலில் லெ மான்ஸ் சோதனை ஓட்டத்தில் ஏற்பட்ட விபத்தில் வால்ட் ஹான்ஸ்ஜன் இறந்தார். ஜெரெக்ஸ் கார் உருவாகக் காரணமான விபத்தில் தப்பியவர் அவர்தான். ஹான்ஸ்ஜன் வளர்த்துவிட்ட சீடர் மார்க் டோனஹியூ. ஹான்ஸ்ஜனின் இறுதிச் சடங்குக்கு வந்த இடத்தில்தான் பென்ஸ்கி டோனஹியூவிடம் பேசினார் என்பது வரலாறு.

டோனஹியூ பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளர். நல்ல ஓட்டுநர் என்பதைவிட, கார் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை தூங்காத மனிதர் என்று சொல்வது பொருந்தும். 1967-ல் லோலா டி70 காரிலும் 1968-ல் மெக்லாரன் எம்6ஏ காரிலும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன். 1968, 1969-ல் செவ்ரோலெட் கமாரோவுக்கு டிரான்ஸ்-ஆம் என்ற பந்தயத் தொடரின் பட்டம், 1971-ல் ஏ.எம்.சி. ஜாவலினுக்கு அதே பட்டம். கமாரோவின் உடலை அமிலத்தில் முக்கி, தகட்டின் கனத்தைக் கரைத்து எடை குறைத்தார்கள். பெட்ரோல் வேகமாக இறங்குவதற்கு உயரமான கோபுரத்தின் உச்சியில் தொட்டி வைத்தார்கள். உயரம் கூடாது என்று விதி சொல்லவில்லையே! பிறகு சொல்லியது. ஜெரெக்ஸ் காரில் பார்த்த அதே மூளைதான் இது. இப்போது ஸ்டீயரிங்கில் இருப்பது வேறு ஆள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969-ல் பென்ஸ்கி அணி முதல்முறை இண்டியானாபொலிஸ் வந்தபோது, முடியை ஒட்ட வெட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு, தரையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பழைய ஆட்கள் கேலி செய்தார்கள். கைகளில் கிரீஸ் இருந்தால்தான் மெக்கானிக் என்ற காலம். சுத்தம் என்பது பென்ஸ்கிக்கு அலங்காரமல்ல. தரை சுத்தமாக இருந்தால் கீழே விழுந்த ஒரு நட்டு கண்ணில் படும். துடைத்த காரில்தான் எண்ணெய்க் கசிவு தெரியும். அந்த ஆண்டு டோனஹியூ 7-ஆம் இடம், அடுத்த ஆண்டு 2-ஆம் இடம், 1972-ல் வெற்றி. சராசரி வேகம் மணிக்கு 162.962 மைல். அந்தச் சாதனை 1984 வரை நின்றது. இன்று எந்தப் பெரிய அணியின் கூடாரத்துக்குள் போனாலும் ஆஸ்பத்திரி போல இருக்கிறதே, அந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கான்-ஆம் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத் தொடரில் போர்ஷே 917/30 காரோடு 1973-ல் டோனஹியூ 8 பந்தயங்களில் 6 வென்றார். ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட கார் அது. 1975 ஆகஸ்ட் 9-ல் அதே வகைக் காரில் டல்லடேகா தடத்தில் மணிக்கு 221 மைல் வேகத்தைத் தாண்டி, சுற்றுத் தட வேகத்தில் உலக சாதனை. பத்தே நாளில், ஆகஸ்ட் 19-ல், ஆஸ்திரிய கிராண்ட் பிரியின் காலைப் பயிற்சியில் ஏற்பட்ட விபத்தின் காயத்தால் டோனஹியூ இறந்துபோனார். பென்ஸ்கியின் ஃபார்முலா ஒன் அணிக்காகத்தான் அவர் அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1976 ஆகஸ்டில், அதே தடத்தில் ஜான் வாட்சன் பென்ஸ்கி பிசி4 காரில் வென்றார். வென்றால் தாடியை எடுக்கிறேன் என்று முதலாளியிடம் பந்தயம் கட்டியிருந்தார், எடுத்தும் விட்டார். அந்த அணியின் ஒரே ஃபார்முலா ஒன் வெற்றி அது. அந்தப் பருவத்தோடு பென்ஸ்கி ஃபார்முலா ஒன்னை விட்டார். இங்கிலாந்தின் பூல் நகரில் இருந்த அந்தப் பட்டறையை மட்டும் மூடவில்லை. அது அதன்பின் பல ஆண்டுகள் இண்டி கார்களை, அதாவது இண்டியானாபொலிஸ் 500-ல் ஓடும் வகைக் கார்களை, கட்டியது.

தொழில் பக்கம் வருவோம். 1969-ல் பென்சில்வேனியாவில் சிறிதாகத் தொடங்கிய லாரி வாடகைத் தொழில் இன்று 4 லட்சம் வண்டிகளுக்கு மேல் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் வீடு மாற்றுகிறவர்கள் ஓட்டிப்போகும் மஞ்சள் லாரிகள் அவருடையவை. 1973-ல் நொடித்துப்போயிருந்த மிச்சிகன் பந்தயத் தடத்தை வாங்கினார். கலிஃபோர்னியாவின் ஃபான்டானாவில் பழைய எஃகு ஆலை இருந்த இடத்தில் 1997-ல் புதுத் தடம் திறந்து, 1999-ல் தடங்களை மொத்தமாக விற்றார். அதே ஆண்டு யுனைட்டெட் ஆட்டோ குரூப் என்ற கார் விற்பனை நிறுவனத்தின் பிடியைக் கையில் எடுத்தார். 2007 முதல் அதற்குப் பென்ஸ்கி ஆட்டோமோட்டிவ் குரூப் என்று பெயர்.

இவற்றில் நான் முதலில் சொல்வது டெட்ராய்ட் டீசல். ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான அந்த லாரி இன்ஜின் தொழிற்சாலை நஷ்டத்தில் ஓடி, வாடிக்கையாளர்களை இழந்து, சந்தையில் சொற்பப் பங்கோடு கிடந்தது. 1988-ல் பென்ஸ்கி அதைக் கையில் எடுத்தார். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட ‘சீரிஸ் 60’ என்ற நல்ல இன்ஜின் அப்போதுதான் வெளிவந்திருந்தது. பொருள் நன்றாக இருந்தது. விற்பனையும் சேவையும்தான் நொண்டின. தொழிலாளர்களோடும் சங்கத்தோடும் நேரில் உட்கார்ந்து பேசினார், லாரிக் கம்பெனிகளைத் தேடிப்போனார். சில ஆண்டுகளில் சந்தைப் பங்கு பல மடங்கானது. 2000-ல் அது டெய்ம்லர்கிரைஸ்லருக்குப் போனது. மற்றவர்கள் கைவிட்டதை வாங்கி, உள்ளே நல்லது எது என்று கண்டுபிடித்து, ஒழுங்குபடுத்துவது. நொறுங்கிய கூப்பரில் செய்ததும் இதைத்தான்.

எல்லாம் வென்றதாக நினைக்க வேண்டாம். 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து சாட்டர்ன் கார் நிறுவனத்தை வாங்க ஒப்புக்கொண்டார். தொடர்ந்து கார் தயாரித்துத் தர ரெனோ முன்வராததால் அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் கைவிட்டார், சாட்டர்ன் பெயரே மறைந்தது. பந்தயத்தில், 1994-ல் விதிப்புத்தகத்தின் இன்னொரு இடைவெளியைப் பிடித்தார். பழைய பாணி தள்ளுகோல் வால்வு இன்ஜின்களுக்கு அதிகக் கொள்ளளவும் அதிகக் காற்றழுத்தமும் அனுமதி இருந்தது. அவருடைய முதலீட்டில் உருவான இல்மோர் என்ற இன்ஜின் நிறுவனம் ரகசியமாக ஒரு புத்தம் புது இன்ஜினைச் சில மாதங்களில் செய்து, மெர்சிடிஸ் பெயரில் இறக்கியது. அதை வைத்து அணியின் ஓட்டுநர் அல் அன்சர் ஜூனியர் இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றார். அடுத்த ஆண்டு அந்தச் சலுகை குறைக்கப்பட, 1995-ல் பென்ஸ்கி அணியின் ஒரு கார்கூடத் தகுதி பெறவில்லை. ஓராண்டு முன்பு வென்ற அணி, போட்டிக்குள்ளேயே நுழைய முடியவில்லை!

அப்புறம் சேகரிப்பு. கன்னிங்ஹாம் போன்றவர்களின் சேகரிப்பு ரசிகனின் சேகரிப்பு. உலகத்தின் சிறந்த கார்களைத் தேடி வாங்கி, கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் 1966 முதல் 1986 வரை அருங்காட்சியகம் நடத்தினார் அவர். அந்தத் தொகுப்பை மைல்ஸ் காலியர் வாங்கினார். இன்று ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸில் ரெவ்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் பார்க்கலாம். பென்ஸ்கியின் சேகரிப்பு வேறு வகை. அரிசோனாவில் அவருடைய கார் விற்பனை வளாகத்துக்குள்ளேயே பென்ஸ்கி ரேசிங் மியூசியம் இருக்கிறது. அங்கே இருப்பவை முக்கியமாகத் தன் அணி ஓட்டி வென்ற கார்கள், இண்டியானாபொலிஸ் வெற்றிக்குக் கிடைத்த பேஸ் கார்கள் (பந்தயத் தொடக்கத்தில் முன்னே ஓடி வழிநடத்தும் கார்கள்), கோப்பைகள். ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தைக் கார்களாக நிறுத்தி வைத்தது போன்ற இடம். 2024 வரை 500-ல் மட்டும் 20 வெற்றிகள் என்பதால் நிறுத்த வண்டிகளுக்குக் குறைவில்லை.

காட்சிக்கு வைத்த காரும் அவருக்கு வேலை செய்யும் கார்தான் என்பதற்கு 1987 சாட்சி. அந்த மே மாதம் அணியின் ஓட்டுநர் டேனி ஓங்கைஸ் மோதிக் காயப்பட்டார். 47 வயது அல் அன்சர் சீனியர் அந்த ஆண்டு வாய்ப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார், அவரைக் கூப்பிட்டார்கள். கார் வேண்டுமே? பென்சில்வேனியாவின் ரெடிங்கில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் காட்சிக்கு நிறுத்தியிருந்த மார்ச் என்ற நிறுவனம் செய்த ஓராண்டுப் பழைய காரைக் கொண்டுவந்து, இன்ஜின் பொருத்தி, தகுதிச் சுற்றுக்குத் தயார் செய்தார்கள். 20-ஆம் இடத்திலிருந்து கிளம்பிய அன்சர் பந்தயத்தை வென்றார். 500-ஐ வென்றவர்களில் மிக மூத்தவர் இன்றும் அவர்தான். காட்சிப் பொருளை ஒரு வாரத்தில் வெற்றிக் காராக்க முடிந்தது என்றால், அதை அந்த நிலையில் பராமரித்திருந்தார்கள் என்று பொருள். எனக்கு அவருடைய வெற்றிகளிலேயே மிகவும் பிடித்தது இது.

அவர் வாங்கியவற்றிலேயே பெரியது இண்டியானாபொலிஸ் தடமே. 1945 முதல் ஹல்மன் குடும்பத்திடம் இருந்த தடத்தையும் இண்டிகார் தொடரையும் வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவித்து, 2020 ஜனவரியில் முடித்தார். 14 வயதில் அப்பாவோடு வந்த இடம் 82 வயதில் அவர் கைக்கு வந்தது. (அங்கேயே இருக்கும் அருங்காட்சியகம் தனி அறக்கட்டளைக்குச் சொந்தம், அதைச் சேர்த்து எண்ணக் கூடாது.) அவருடைய பொறுப்பில் நடந்த முதல் 500, கோவிட் காரணமாக மே மாதத்திலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் நடந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. தொடரும் அவருடையது, தடமும் அவருடையது, அதில் ஓடும் முதன்மை அணியும் அவருடையது. 2024-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பந்தயத்தில் அவருடைய கார்களில் கூடுதல் சக்தி தரும் பொத்தான் விதிக்கு மாறாக வேலை செய்தது வெளிப்பட்டு, வெற்றி பறிக்கப்பட்டது. 2025-ல் 500 தகுதிச் சுற்றில், மாற்றக் கூடாத ஒரு பின்புறப் பாகத்தை மாற்றியது பிடிபட்டது. அந்த வாரமே, அணியின் தலைவர் டிம் சிண்ட்ரிக் உட்பட மூன்று மூத்த பொறுப்பாளர்களைப் பென்ஸ்கி வேலையைவிட்டு நீக்கினார். ஜெரெக்ஸ் காலத்தில் விதியின் இடைவெளியைத் தேடியதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: அன்று அதிகாரிகள் காரைப் பார்த்து, விதிப்படி சரி என்றார்கள், இங்கே மீறப்பட்டது எழுதியிருந்த விதி. அவருக்கு அந்த வித்தியாசம் யாரையும்விட நன்றாகத் தெரியும் என்பதால்தான் நடவடிக்கை அவ்வளவு கடுமையாக இருந்தது என்று நினைக்கிறேன். 2025 ஜூலை கடைசியில், தடத்தையும் தொடரையும் வைத்திருக்கும் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கை ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுவனம் வாங்கியது. பந்தய நடுவர் பொறுப்பைப் பென்ஸ்கி நிறுவனங்களிலிருந்து பிரித்துத் தனி அமைப்பிடம் கொடுக்கும் ஏற்பாடும் அதே ஆண்டு தொடங்கியது.